லூயியின் கைகள்

ஜூன் 9, வெள்ளி

குன்னூரில் படப்பிடிப்பு நடக்கும் பங்களாவுக்கு வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தில் கார் ஏறியதுமே ஓட்டுநர் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையை நீட்டினார். கையை ஜன்னலுக்கு வெளியே விட வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்களாம். நாற்பத்தொரு வயதில் எனக்கு இந்தப் புத்திமதி. மலை ஏறும் வரை உள்ளங்கை அரித்துக்கொண்டே வந்தது.

படம் லூயி ஃபெல்னர் என்ற இசைமேதையைப் பற்றியது. இருநூறு வருஷத்துக்கு முன் தரங்கம்பாடியில் டேனிஷ் அப்பாவுக்கும் தமிழ் அம்மாவுக்கும் பிறந்தவர். கப்பலேறிப் போய், பியானோவில் உருகி உருகி எழுதி, அமலி என்ற பியானோக்காரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, கடைசியில் விரல் முடங்கி முப்பத்தெட்டு வயதில் செத்துப்போனவர். இப்படி ஒருத்தர் உண்மையிலேயே இருந்தாரா என்று இயக்குநர் பரஞ்சோதியிடம் கேட்டேன். "முழுக்க என் கற்பனை மாஸ்டர். ஆனா இருந்திருக்கணும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கதாநாயகன் மகிழ்நனுக்குப் பியானோ தெரியாது. முகம் அவருடையது, கைகள் என்னுடையவை. ஐம்பது நாள் ஒப்பந்தம். தேன்மொழி என்ற உதவி இயக்குநர் என் கைகளுக்குப் பொறுப்பு. மதுரைக்காரப் பெண், சிரிக்காமல் கிண்டல் செய்கிறாள். அவள் போட்ட சட்டங்கள்: நகத்தை நானே வெட்டக் கூடாது. கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். சுடுபாத்திரம் தொடக் கூடாது. விரலில் மஞ்சள் ஏறிவிடும் என்பதால் ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டும். அனுமதியில்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. கைக்கு என்ன நடந்தாலும் தினமும் எழுதிவைக்க ஒரு நோட்டும் கொடுத்தாள். அதில் எழுத முடியாததை எழுத பஜாரிலிருந்து இன்னொரு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். அதுதான் இது.

இரவுச் சாப்பாடு சங்கரா மீன் குழம்பு. ஸ்பூனால் முள்ளெடுப்பது கொடுமை.

ஜூன் 10, சனி

பியானோவைப் பார்த்தேன். அழகான பழைய பெட்டி. உட்கார்ந்து ஒரு சுரம் தொட்டால் டொக் என்று மரச்சத்தம்தான் வந்தது. உள்ளே சுத்தியல்களைக் கழற்றிவிட்டார்களாம். லூயி வாசித்துக்கொண்டே பேசும் காட்சிகள் நிறைய இருப்பதால், பேச்சுக்கு நடுவே பியானோச் சத்தம் விழுந்தால் ஒலிப்பதிவு கெட்டுவிடுமாம். பேச்சில்லாத காட்சிகளில் இசை ஒலிபெருக்கியில் ஓடும், பேச்சுள்ளவற்றில் காதுக்குள் ஒரு சின்னக் கருவியில். அதற்கு நான் விரலை ஓட்ட வேண்டும்.

அந்த இசை மார்ச்சில் எங்கள் பெரம்பூர் வீட்டிலேயே பதிவானது. ஸ்டுடியோ பியானோவை விட எங்களுடையதில் நாதம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். எஞ்சினியர் மைக்கை வைத்து, இயக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் வேலை. என் மனைவி ஹெப்சிபாவும் கூடவே இருந்தாள், பக்கம் புரட்ட.

இன்று அதைப் போட்டுக் காட்டினார்கள். யூனிட்டே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பரஞ்சோதி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. குளிர்தான்.

ஜூன் 12, திங்கள்

சினிமாவில் எதுவும் வரிசையாக நடப்பதில்லை. மகிழ்நன் நிஜத் தாடி வளர்த்திருப்பதால், தாடி இருக்கும்போதே லூயியின் கடைசிக் காலத்தை எடுத்துவிடுகிறார்கள். பிறகு மழித்துவிட்டு வாலிபக் காலம். முதலில் சாவு, அப்புறம் காதல்.

இன்று விரல் முடங்கும் காட்சி. லூயி தன் பழைய பாட்டு ஒன்றை வாசிக்க முயல்கிறார், வலது கையின் மோதிரவிரல் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டு விரிய மறுக்கிறது. என் கையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தார்கள். ஒரே டேக். பரஞ்சோதி 'கட்' சொல்லவே மறந்துவிட்டார். லைட் பிடிக்கும் ஆட்கள் கைதட்டினார்கள்.

எப்படி மாஸ்டர் அந்த ஒரு விரலை மட்டும் அப்படிச் சுருட்டினீர்கள் என்று இயக்குநர் கேட்டார். பயிற்சி என்றேன். பதினாறு வயதிலிருந்து தேவாலயத்தில் வாசிப்பவன், எனக்கு என் விரல் சொன்னபடி கேட்கும் என்றேன். தேன்மொழி மட்டும் என் கையை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஜூன் 14, புதன்

மழை. படப்பிடிப்பு இல்லை. நகம் வெட்டும் ஆள் வந்து அரத்தால் ராவிவிட்டுப் போனார்.

ஜூன் 18, ஞாயிறு

சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி ஓரம் மட்டும்தான் செல்போன் எடுக்கிறது. குடை பிடித்துக்கொண்டு ஹெப்சிபாவிடம் பேசினேன். ஆராதனையில் எனக்குப் பதிலாக அவள்தான் ஆர்கன் வாசித்தாளாம். பாமாலை முடிந்ததும் போதகரம்மா வந்து கட்டிக்கொண்டாளாம். இவ்வளவு நாள் எங்கம்மா ஒளிந்திருந்தாய் என்று கேட்டாளாம். நல்லது என்றேன். கொஞ்சம் வேகமாக வாசித்திருப்பாய், சபையார் பாட மூச்சு கிடைத்திருக்காது என்றும் சொன்னேன். சரிங்க என்றாள். அதோடு வைத்துவிட்டோம்.

மத்தியானம் ஒரு காட்சிக்கு ஒத்திகை. அமலி அவளுடைய பியானோவில் உட்கார்கிறாள். தன் சிந்தனை கலைகிறது, மூடிவை என்று லூயி சொல்கிறார். இசைக்காரர் வீட்டில் இப்படி நடக்குமா என்று பரஞ்சோதி என்னிடம் கேட்டார். நடக்கும், அதில் தப்பும் இல்லை, ஒரே வீட்டில் இரண்டு பேர் வாசித்தால் இரண்டு பேர் காதும் கெடும் என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் இல்லாத நேரம் அவள் வாசித்துக்கொள்வாள், நான் வந்ததும் மூடிவிடுவாள். பதினேழு வருஷத்தில் ஒரு சண்டை கிடையாது.

"அவங்க எங்க சார் சண்டை போடுறது, அதான் மூடிட்டாங்களே" என்றாள் தேன்மொழி. வாய்த்துடுக்கு அதிகம்.

ஜூன் 21, புதன்

மகிழ்நன் நல்ல பையன். பெரிய நடிகர் என்ற பந்தா இல்லை. தினமும் காலை இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்க்கிறார். தோள் எப்படி, மணிக்கட்டு எப்படி, விரல் எங்கே உயர்கிறது, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து இரவில் மேஜையில் வைத்துப் பழகுகிறாராம். தூரக் காட்சிகளிலாவது சொந்தக் கையாக இருக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு இதுவரை இவ்வளவு சிரத்தையான மாணவன் கிடைத்ததில்லை. சத்தமில்லாத பியானோவில் சத்தமில்லாத வகுப்பு.

ஜூன் 25, ஞாயிறு

சாப்பிடும்போது ஸ்பூன் விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. எதிரே இருந்தவர்களிடம் சிரித்து வைத்தேன்.

எழுதிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில், இரண்டாம் பாட்டின் நடுவில், என் மோதிரவிரல் தானாகச் சுருண்டது. வலி கிடையாது. காப்பி டம்ளர் பிடிக்கும்போது சில நாள் ஒழுங்காக இருக்கும், பியானோக் கட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளும். சென்னையில் ஒரு நரம்பு மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, விரலில் கோளாறு இல்லை, இத்தனை வருஷம் ஒரே வேலையைச் செய்ததில் மூளை அந்த விரலைத் தனியாக அடையாளம் காண மறந்துவிட்டது என்றார். வாசிப்பதை நிறுத்துங்கள் என்றார். வெளியே வந்து மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். விரலையே மறந்துபோன மூளைக்கு எதற்கு மாத்திரை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டவளைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஜூன் 28, புதன்

மகிழ்நன் தாடியை மழித்துவிட்டார். பத்து வயது குறைந்துவிட்டது. இனி வாலிப லூயி. திங்கட்கிழமை பெரிய கச்சேரிக் காட்சி. லூயி முதன்முதலாக அரங்கில் வாசித்து, அமலி அவரைப் பார்த்து மயங்கும் இடம். ஆறு நிமிடப் பாட்டு. நடுவில் வேகமான ஒரு ஓட்டம் இருக்கிறது, விரல்கள் கண்ணுக்கே தெரியக் கூடாது.

தயாரிப்பு மேனேஜரிடம் போய் ஊரில் அத்தை சீரியஸ் என்றேன். எனக்கு அத்தையே கிடையாது. அவர் பரிதாபப்பட்டார், ஆனால் கை மாறினால் எடுத்ததெல்லாம் வீண் என்றார். நெருக்கத்தில் இருபத்திரண்டு காட்சியில் என் கை வந்துவிட்டது. முட்டியின் சுருக்கம் முதல் பெருவிரல் மச்சம் வரை இப்போது லூயி. "உங்க கை உங்ககிட்ட இல்ல மாஸ்டர்" என்று சிரித்தார்.

கேட் வரை நடந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று, கையுறை போடலையா சார் என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 1, சனி

காட்சியை மெதுவாக ஓட்டி எடுத்துப் பிறகு வேகப்படுத்தலாமே என்று ஒளிப்பதிவாளரிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தேன். பரஞ்சோதி ஒத்துக்கொள்ளவில்லை. கேமரா மகிழ்நன் முகத்தில் தொடங்கி வெட்டே இல்லாமல் கைக்கு இறங்க வேண்டுமாம், பார்ப்பவன் ஏமாந்து போக வேண்டுமாம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மகிழ்நன் கைகளை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டு, தொளதொளத்த கோட்டுக்குள் உட்காருவார். நான் அவர் பின்னால் மண்டியிட்டு, கோட்டுக்குள் தலையை விட்டு, சட்டைக்கைகள் வழியே என் கையை முன்னால் நீட்ட வேண்டும்.

ஒத்திகை பார்த்தோம். உள்ளே ஒரே இருட்டு. கட்டை தெரியாது, சத்தமும் வராது. மகிழ்நனின் முதுகெலும்பு என் மூக்கில் இடிக்கிறது. சென்ட் வாசனை. வெளியே எல்லோரும் சிரிப்பது கேட்டது, நானும் உள்ளே சிரித்தேன். மூச்சு முட்டியது.

ஜூலை 3, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குக் கோட்டுக்குள் போனேன். பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு நிமிடம் சமாளித்தேன். ஓட்டம் வந்தது. இருட்டுக்குள் வேறு வேலை இல்லாமல் அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எவ்வளவு தெளிவு, எவ்வளவு துணிச்சல். மூன்றாவது வரியில் அவள் ஒரு மூச்சு விட்டுத் தாவுவாள், அங்கே நான் எப்போதும் தயங்குவேன். என் விரல் சுருண்டது. கட்.

பதினோரு டேக். கோட்டின் மேல் பழி போட்டேன். இருட்டின் மேல் போட்டேன். முழங்கால் மரத்துவிட்டது என்றேன். பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் முடிவை மாற்றி, முதலில் தூரத்திலிருந்து எடுத்துவிடலாம், மகிழ்நனே சொந்தக் கையால் அசைக்கட்டும் என்றார். கோட்டிலிருந்து வெளியே வந்தபோது உயிர் வந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தேன்.

மகிழ்நன் வாசித்தார். தோள், மணிக்கட்டு எல்லாம் அச்சு அசல். பாதியில் பரஞ்சோதி மானிட்டரை விட்டு எழுந்தார். "மகிழ், அந்த விரலை ஏன் மடக்குற? இது இருபத்தோரு வயசு லூயி. அவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல."

மகிழ்நன் குழப்பமாகத் தன் கையைப் பார்த்தார். "மாஸ்டர் அப்படித்தான் சார் வாசிப்பாரு. முதல் நாள்லேர்ந்து பாக்கிறேன். எல்லாப் பாட்டுக்கும் அந்த விரல் உள்ள போயிடும். அதுதான் அவர் ஸ்டைலுன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் பழகினேன்."

போனை எடுத்து அவர் பிடித்த படங்களைக் காட்டினார். பத்து நாள் படங்கள். எல்லாவற்றிலும் சுருண்ட விரல். கெட்ட எண்ணம் துளியும் இல்லை அந்தப் பையனுக்கு, என்னை மாட்டிவிடுகிறோம் என்றே தெரியாது. அறுபது பேர் என் கையைப் பார்த்தார்கள். நான் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 4, செவ்வாய்

பரஞ்சோதி காலையில் அறைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அப்படியாவது செய்திருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து எவ்வளவு நாளாக என்று கேட்டார். டிசம்பரிலிருந்து என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப மார்ச்ல இதை வாசிச்சது யாரு?"

நான் வாசிக்கவில்லை. மெதுவான இரண்டு துண்டுகளை மட்டும் வாசித்தேன். மீதி எல்லாம் ஹெப்சிபா. மூன்று நாள் அவள் வாசித்தாள், நான்தான் பக்கம் புரட்டினேன். என் பெயரில் அனுப்பினேன். டைட்டிலில் என் பெயர் வரும், பத்திரிகையில் எழுதுவார்கள், அப்புறம் விரலும் சரியாகிவிடும், யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எல்லாம் அவரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவங்க வருவாங்களா என்று.

தண்ணீர்த்தொட்டிக்குப் போனேன். மழை இல்லை. விரல் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று ஹெப்சிபாவிடம் சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டாள். டைரக்டரிடம் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அவர்ட்ட மட்டுந்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"என் வாசிப்பை எல்லாரும் கேட்டிருக்காங்கல்லா. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்பம் வாரேன்."

குரலை உயர்த்தவில்லை. பாளையங்கோட்டைப் பேச்சு வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் அவளுக்கு அது வரும். பதினேழு வருஷத்தில் சண்டையே கிடையாது என்று இந்த நோட்டில்தான் எங்கோ எழுதியிருக்கிறேன்.

ஜூலை 5, புதன்

காலை டிபன் நேரத்தில் சொன்னேன். தட்டும் கையுமாக நின்றார்கள். நீங்கள் ஒரு மாதமாகக் கேட்டு எனக்குக் கை கொடுத்த பாட்டை வாசித்தது நானில்லை, என் மனைவி ஹெப்சிபா என்றேன். என்னால் இனி வாசிக்க முடியாது என்றேன். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லத் திட்டமிடவில்லை, அதுவாக வந்துவிட்டது.

யாரும் காறித் துப்பவில்லை. ஒரு பெரியவர் இட்லி எடுத்துக்கோங்க சார் என்றார். மேக்கப்காரர் மட்டும் அருகில் வந்து, அம்மாவுக்குக் கை என்ன சைஸ், முடி ஒட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டார். அவள் கை என்ன அளவு என்று பார்த்ததே இல்லை. அறைக்கு வந்து அழுதேன்.

ஜூலை 7, வெள்ளி

மத்தியானம் ஹெப்சிபா வந்தாள். நீலகிரி ரயிலில் வந்தாளாம், காரைத் திருப்பி அனுப்பிவிட்டு. எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவந்திருந்தாள். என் கையை எடுத்து விரலை நீவிப் பார்த்தாள்.

முட்டிக்குச் சாயம், புறங்கைக்குக் கறுப்பு முடி, பெருவிரலில் என் மச்சம். அவள் கையில் என் கையை வரைந்தார்கள். மகிழ்நன் வெட்கத்தில் நெளிந்து, மன்னிச்சுக்கோங்க அக்கா என்றார். "நீங்க சும்மா நிமிர்ந்து உக்காருங்க தம்பி, மீதிய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்குள் போனாள்.

இரண்டாவது டேக்கில் முடிந்தது. பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டார். இனி மீதி நெருக்கக் காட்சிகளுக்கும் அவள்தான். இருபது நாள். என் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள், மேனேஜர் மோதிரத்தைக் காகித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாளை காலை கார் இருக்கிறது என்றார். கிளம்பிப் போய் என்ன செய்வது. வீட்டில் பியானோ இருக்கிறது, நான் இருப்பேன். அவ்வளவுதான். அதை நினைத்தால் இந்த பங்களாவே தேவலாம் என்று தோன்றுகிறது.

ஜூலை 8, சனி

பெட்டியைக் கட்டிவிட்டு அவளிடம் போனேன். அந்தச் சத்தமில்லாத பியானோவில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டேன். இப்படி அவளிடம் அனுமதி கேட்டது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

வாசிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "பாக்கணும்னா இருங்க. சொல்லிக்குடுக்கணும்னா கெளம்புங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில், ஓட்டம் தொடங்கும் இடத்தில், நான் கல்யாணமான புதிதில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த விரல் வரிசையை விட்டுவிட்டு அவள் தன்னிஷ்டத்துக்கு வேறு வரிசையில் போனாள். அப்படி வராது, மூன்றாம் விரலை மாற்று என்று வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கை கட்டைகளின் மேல் போய்த் திரும்பி வந்தது. எங்குமே தடுமாறவில்லை.

என் வரிசைதான் தப்பு. கார் ஹார்ன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.